ரிசல்ட்டை ஃபோனில் சொல்லத் தெரியுமா?

டிஎம்எல்டி, பிஎஸ்சி எம்எல்டி முடித்துவிட்டு ரியாத், துபாய், டொரன்டோ என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும் அழகர்கோவில், அப்பன்திருப்பதி, மேலூர் பக்கத்துத் தம்பி தங்கைகளே, உங்கள் கைவேலையில் குறை இல்லை. காலை ஓபி கூட்டத்தில் நரம்பே தெரியாத பாட்டிக்கும் ஒரே குத்தில் ரத்தம் எடுப்பவர்கள் நீங்கள். அனலைசர் மக்கர் செய்தால் சர்வீஸ் இன்ஜினியர் வரும்வரை சமாளிப்பவர்கள். வெளிநாட்டில் முதல் ஆறு மாதத்தில் உங்களைத் தடுக்கப்போவது மைக்ராஸ்கோப் இல்லை, டெலிஃபோன்.

ஃபிளைட் ஏறியதும் உங்களுக்கு ஒரு புதுப் பெயர் வந்துவிடும்: ‘வெளிநாட்டில் படித்த டெக்னாலஜிஸ்ட்’. அதே பெயரோடு கேரளாவிலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் ஆட்கள் வந்து வரிசையில் நிற்பார்கள். பிலிப்பைன்ஸ்காரர்களில் பெரும்பாலோர் பள்ளியிலிருந்தே இங்கிலீஷில் படித்து, பேசிப் பழகியவர்கள். சர்டிஃபிகேட்டில் நீங்கள் சமமாக இருக்கலாம். ஆனால் நைட் ஷிஃப்ட்டை யாரை நம்பி விடுவது என்று சூப்பர்வைசர் யோசிக்கும்போது, வார்டுக்குத் தெளிவாகப் பேசக்கூடியவரைத்தான் முதலில் பார்ப்பார். பிரமோஷனும் அந்த வழியில்தான் போகும். இந்தத் திறமையை இங்கே மதுரையிலேயே, இப்போது வேலை பார்க்கும் லேப்பிலேயே வளர்த்துக்கொள்ள முடியும். அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால், கற்றுக்கொள்ளும் காலமும் புரொபேஷன் காலமும் ஒன்றாகிவிடும்.

1. பரீட்சை வேறு, பேச்சு வேறு என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். கல்ஃப் என்றால் டேட்டாஃப்ளோ சரிபார்ப்பு, ப்ரோமெட்ரிக் தேர்வு. பிரிட்டனில் பயோமெடிக்கல் சயின்டிஸ்ட் என்பது சட்டப் பாதுகாப்பு உள்ள பட்டம். ஹெச்சிபிசி என்ற ரெகுலேட்டரிடம் பதிவு இல்லாமல் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள முடியாது. ஐஇஎல்டிஎஸ் வழியாகப் போனால் மொத்தம் 7.0, எந்தப் பிரிவிலும் 6.5-க்குக் குறையாமல் வேண்டும். கனடாவில் ஒன்டாரியோ போன்ற மாகாணங்களில் லைசென்ஸ் கட்டாயம். படிப்பை மதிப்பிட்ட பிறகுதான் தேர்வு. அங்கே விதிமுறைகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் தள்ளிவிடும் பழைய பிடிஎஃப்-ஐ நம்பாதீர்கள். ரெகுலேட்டரின் தளத்தையே பாருங்கள். இன்னொன்று: ஓஇடி என்ற இங்கிலீஷ் தேர்வுக்கான கோச்சிங் விளம்பரம் நம் ஊரில் நிறைய. அந்தத் தேர்வு 12 மருத்துவத் தொழில்களுக்காக உருவானது. அந்தப் பட்டியலில் லேப் டெக்னாலஜி இல்லை. ஃபீஸ் கட்டும் முன் கேளுங்கள்.

இதையெல்லாம் தாண்டி ஐஇஎல்டிஎஸ்-இல் 7 வாங்கியவர்கூட, ‘அந்த சாம்பிளை நான் ரன் பண்ண மாட்டேன்’ என்று நர்ஸிடம் ஃபோனில் சொல்லத் திணறுவார். கட்டுரை எழுதுகிற இங்கிலீஷ் வேறு. மறுமுனையில் ஒருவர் அவசரத்தில் கத்தும்போது நிதானமாகப் பதில் சொல்கிற இங்கிலீஷ் வேறு.

2. கிரிட்டிக்கல் காலில் மாஸ்டர் ஆகுங்கள். இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். உயிருக்கு ஆபத்தான ரிசல்ட்டை உடனே கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்ற பழக்கத்துக்கு வித்திட்டவர் அமெரிக்காவின் ஜார்ஜ் லண்ட்பெர்க். 1972-இல் அவர் எழுதிய கட்டுரையிலிருந்துதான் ‘பானிக் வேல்யூ’ என்ற பேச்சே பரவியது. இன்று ஐஎஸ்ஓ 15189 தரச்சான்று பெற்ற எந்த லேப்பும் யாரிடம், எத்தனை மணிக்கு, என்ன ரிசல்ட் சொன்னோம் என்று பதிவு வைத்திருக்கும். மதுரையில் என்ஏபிஎல் அங்கீகாரம் உள்ள லேப்பில் நீங்கள் இருந்தால் அந்த ரிஜிஸ்டர் உங்கள் மேஜையிலேயே கிடக்கிறது. அதை யாரும் விரும்பி எடுப்பதில்லை. நீங்கள் எடுங்கள்.

கால் இப்படிப் போக வேண்டும். வாய்விட்டுப் படியுங்கள்: “குட் மார்னிங், திஸ் இஸ் கார்த்திகா ஃப்ரம் கெமிஸ்ட்ரி. ஐ ஹாவ் எ கிரிட்டிக்கல் ரிசல்ட். ஹூ ஆம் ஐ ஸ்பீக்கிங் டு, ப்ளீஸ்?” பெயரை எழுதிக்கொள்ளுங்கள். அடுத்து பேஷன்ட்டின் முழுப் பெயர், பிறந்த தேதி. “பொட்டாசியம் இஸ் சிக்ஸ் பாயின்ட் நைன் மில்லிமோல்ஸ் பெர் லிட்டர். கலெக்டட் அட் செவன் தர்ட்டி. தி சாம்பிள் இஸ் நாட் ஹீமோலைஸ்ட். குட் யூ ரீட் தட் பேக் டு மீ, ப்ளீஸ்?” அவர் திருப்பிச் சொல்லும்வரை ஃபோனை வைக்காதீர்கள். “ஓகே ஓகே, காட் இட்” என்பது ரீட்-பேக் இல்லை. இன்னொரு தடவை மரியாதையாகக் கேளுங்கள்: “ஐ நீட் யூ டு ரீட் தி நம்பர் பேக்.” நம் ஊர்ப் பிள்ளைகள் தயங்குவது இந்த இடத்தில்தான். பெரிய ஆளிடம் ‘திருப்பிச் சொல்லுங்க’ என்பது மரியாதைக் குறைவாகத் தோன்றுகிறது. அங்கே கேட்காமல் விடுவதுதான் தவறு.

பயிற்சிக்கு ஒரு நண்பர் போதும். இருவரும் முதுகைக் காட்டி உட்காருங்கள், இல்லாவிட்டால் வேறு வேறு அறைக்குப் போய் ஃபோனில் பேசுங்கள். டிவி சத்தம் ஓடட்டும். ஒருவர் லேப், ஒருவர் வார்டு. வார்டாக இருப்பவர் வேண்டுமென்றே ஒரு எண்ணைத் தப்பாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். லேப்பாக இருப்பவர் பிடிக்க வேண்டும். ரெக்கார்டு செய்து கேளுங்கள். உங்கள் வேகம் உங்களுக்கே அதிர்ச்சியாக இருக்கும்.

3. எண்களை உடைத்துச் சொல்லுங்கள். டெங்கு சீசனில் பிளேட்லெட் ரிசல்ட் போட்டவர்களுக்கு இது புரியும். ‘ஃபிஃப்டீன் தவுசண்ட்’டும் ‘ஃபிஃப்டி தவுசண்ட்’டும் ஃபோனில் ஒன்றுபோலக் கேட்கும். 15,000 என்றால் டாக்டர் எடுக்கும் முடிவு வேறு, 50,000 என்றால் வேறு. “ஒன் ஃபைவ், ஃபிஃப்டீன்” என்று இரண்டு முறை சொல்லுங்கள். ‘டபுள் த்ரீ’, ‘ட்ரிபிள் ஃபோர்’ எல்லாம் இங்கேயே விட்டுவிடுங்கள். கேட்டுப் பழகாதவர்கள் குழம்புவார்கள். ‘ஒன்றரை லட்சம் பிளேட்லெட்’ என்ற பேச்சுக்கும் அங்கே இடமில்லை. லட்சம் என்ற அளவே அவர்களுக்குத் தெரியாது. லிட்டர் கணக்கில் ‘ஒன் ஃபிஃப்டி’ என்பார்கள்.

யூனிட்டும் மாறும். கனடாவிலும் பிரிட்டனிலும் குளுக்கோஸ் மில்லிமோலில்தான். நம் 180 மில்லிகிராம் அங்கே 10. 18-ஆல் வகுத்துப் பழகுங்கள். கிரியேட்டினின் 1.0 அங்கே சுமார் 88 மைக்ரோமோல். ஹீமோகுளோபின் 12 அங்கே 120. கல்ஃபில் இது ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி மாறும். முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். தேதியை 03/04 என்று எழுதாதீர்கள். மாதத்தை எழுத்தில் போடுங்கள். மணி 24 மணிக் கணக்கில்.

பிளட் பேங்க்கில் எழுத்தும் எண் மாதிரிதான். ‘பி நெகட்டிவ்’வும் ‘டி நெகட்டிவ்’வும் ஃபோனில் எவ்வளவு நெருக்கமாகக் கேட்கும் என்று சொல்லிப் பாருங்கள். ஒன்று பிளட் குரூப், இன்னொன்று ஆர்ஹெச் ஆன்ட்டிஜன். “பி ஃபார் பிராவோ, டி ஃபார் டெல்டா” என்ற சர்வதேச எழுத்து வரிசையை மனப்பாடம் செய்யுங்கள். இரண்டு பஸ் பயணத்தில் முடிந்துவிடும்.

4. ‘முடியாது’ சொல்லப் பழகுங்கள். லேபிள் இல்லாத டியூப் வருகிறது. ஊதா மூடி டியூபிலிருந்து வேறு டியூபுக்கு ரத்தத்தை ஊற்றி அனுப்பியிருக்கிறார்கள். ஈடிடிஏ கலந்ததால் பொட்டாசியம் எகிறி, கால்சியம் பாதாளத்தில் கிடக்கிறது. இங்கே என்றால் சீஃப் டெக்னீஷியனிடம் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாம். அங்கே ரிஜெக்ட் செய்வதும் அதை விளக்குவதும் உங்கள் வேலை. நர்ஸ் கோபப்படுவார், ரெசிடென்ட் டாக்டர் கூப்பிடுவார். “சாரி சார், ஓகே சார்” என்று வழிந்தால் பேஷன்ட்டுக்கும் ஆபத்து, உங்கள் லைசென்ஸுக்கும் ஆபத்து.

இரண்டு கருவிகளைப் படித்து வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது எஸ்பார்: நிலைமை என்ன, பின்னணி என்ன, என் மதிப்பீடு என்ன, நான் என்ன பரிந்துரைக்கிறேன். அமெரிக்கக் கடற்படையின் அணுசக்தி நீர்மூழ்கிகளிலிருந்து வந்த முறை. கொலராடோவின் கைசர் பெர்மனன்ட்டே அதை ஆஸ்பத்திரிக்குள் கொண்டுவந்தது. ஈடிடிஏ கலந்த சாம்பிளை இதில் வைத்தால்: பொட்டாசியமும் கால்சியமும் பொருந்தவில்லை, காலை ரிசல்ட் நார்மல், டியூப் மாறி ஊற்றியது போலத் தெரிகிறது, புது சாம்பிள் அனுப்புங்கள். நாலே வரி. இரண்டாவது, எதிர்ப்பைப் படிப்படியாக உயர்த்துவது. டீம்ஸ்டெப்ஸ் என்ற அமெரிக்கப் பயிற்சித் திட்டத்தில் கற்றுத்தருகிறார்கள்: “ஐ ஆம் கன்சர்ன்ட்”, அடுத்து “ஐ ஆம் அன்கம்ஃபர்டபிள்”, கடைசியில் “திஸ் இஸ் எ சேஃப்டி இஷ்யூ”. மூன்றாவது வாக்கியத்துக்குப் பிறகு எந்த ஒழுங்கான ஆஸ்பத்திரியிலும் எதிர்முனை நின்று கேட்கும். குரலை உயர்த்தவே தேவையில்லை.

நம் பழக்கத்தில் இன்னொரு சின்னக் கண்ணி. வார்டுக்குக் கூப்பிட்டு “ஐ ஹாவ் எ டவுட்” என்று ஆரம்பிக்காதீர்கள். நீங்கள் கேள்வி கேட்கிறீர்கள். அவர் உங்கள் ரிசல்ட்டிலேயே உங்களுக்கு நம்பிக்கை இல்லை என்று எடுத்துக்கொள்வார். “ஐ ஹாவ் எ கொஸ்டின்” போதும்.

5. பேஷன்ட்டை அடையாளம் காண்பதை இங்கேயே ஒழுங்காகச் செய்யுங்கள். “முருகேசன்தானே?” என்று கேட்டால் காது சரியாகக் கேட்காத பெரியவர் தலையாட்டிவிடுவார். பெயரை அவர் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும். அது ஒரு அடையாளம். பிறந்த தேதியோ ஐபி நம்பரோ இரண்டாவது. நம் பக்கத்துப் பாட்டிகளிடம் பிறந்த தேதி கேட்டால், “அழகர் ஆத்துல எறங்குன மறுநா பொறந்தேன்யா” என்பார்கள். பரவாயில்லை, ஐபி நம்பரைப் பாருங்கள். ‘டெல் மீ யுவர் ஃபுல் நேம் அண்ட் டேட் ஆஃப் பர்த்’ என்பதைத் தமிழில் தினம் நூறு பேரிடம் கேட்டவருக்கு, இங்கிலீஷில் கேட்க நாக்குக் குழறாது.

கல்ஃப் போகிறவர்கள் கொஞ்சம் அரபியும் சேர்த்துக்கொள்ளுங்கள்: தம் என்றால் ரத்தம், பௌல் என்றால் சிறுநீர், இப்ரா என்றால் ஊசி, ஸாயிம் என்றால் நோன்பில் அல்லது வெறும் வயிற்றில் இருப்பவர். நாலு வார்த்தையில் பேஷன்ட்டின் முகம் இளகும். அதைப் பார்க்கிற சூப்பர்வைசரின் முகமும்தான்.

6. வாயை மூடவும் தெரிய வேண்டும். பொய்கைக்கரைப்பட்டி மாமா லேப் ஜன்னலில் எட்டிப் பார்த்து, “தம்பி, நம்ம அக்காவுக்கு சுகர் எவ்வளவுப்பா?” என்றால் சொல்லிவிடுகிறோம். பாசத்தில் செய்வதுதான். கனடாவில் இது வேலையையே காவு வாங்கும். ஒன்டாரியோவில் நோயாளித் தகவலைக் காக்க 2004-லேயே தனிச் சட்டம் போட்டுவிட்டார்கள். டொரன்டோவின் ஸ்கார்பரோவில் நம் ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். தமிழில் கேட்டால் மனசு இளகும். “ரிசல்ட் டாக்டர்கிட்ட போயிடும்மா, அவங்களே சொல்வாங்க” என்ற வாக்கியத்தை இப்போதே மாமாவிடம் பழகிக்கொள்ளுங்கள். அதேபோல, லேப்பில் தமிழ் பேசுகிறவர் இன்னொருவர் இருந்தாலும் வேலை விஷயத்தை எல்லோருக்கும் புரியும் மொழியில் பேசுங்கள். ஓரமாகக் குசுகுசுவென்று தமிழில் பேசும் இருவரை யாரும் டீம் லீடர் ஆக்க மாட்டார்கள்.

7. எழுத்தில் சுருக்கம். ‘ரெஸ்பெக்டட் சார், வித் ரெஃபரன்ஸ் டு தி அபோவ்’ என்று மூன்று வரி வணக்கம் வைக்காதீர்கள். ‘கைண்ட்லி டு தி நீட்ஃபுல்’ என்றால் என்ன செய்ய வேண்டும் என்றே அவர்களுக்குப் புரியாது. யார், எதை, எப்போதுக்குள் செய்ய வேண்டும் என்று எழுதுங்கள். இன்சிடென்ட் ரிப்போர்ட்டில் பழி வேண்டாம், சமாளிப்பும் வேண்டாம்: “09:40-க்கு சாம்பிள் வந்தது, லேபிள் இல்லை. 09:45-க்கு வார்டை அழைத்தேன். புது சாம்பிள் 10:10-க்கு வந்தது.” ஷிஃப்ட் மாறும்போது எழுதும் ஹேண்ட்ஓவரையும் இதே நடையில் தினம் எழுதுங்கள், உங்கள் லேப்பில் யாரும் கேட்காவிட்டாலும்.

8. இன்டர்வியூவில் பாடம் ஒப்பிக்காதீர்கள். ‘கன்ட்ரோல் வெளியே போனால் என்ன செய்வீர்கள்?’ என்று கேட்டால் நம் பிள்ளைகள் ‘குவாலிட்டி கன்ட்ரோல் இஸ் டிஃபைன்ட் ஆஸ்’ என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். எதிரில் இருப்பவருக்கு அந்த டெஃபினிஷன் தெரியும். அவருக்கு வேண்டியது நீங்கள் செய்த ஒரு காரியம். “ஒரு காலையில் லெவல் 2 கன்ட்ரோல் மூன்று எஸ்டியைத் தாண்டியது. பேஷன்ட் ரிசல்ட்டை நிறுத்தி வைத்தேன். ரீஏஜென்ட் லாட் மாறியிருப்பதைக் கண்டேன். காலிப்ரேஷன் செய்து, கன்ட்ரோல் உள்ளே வந்ததும் விட்டேன். தாமதத்தை வார்டுக்கு நானே சொன்னேன்.” கடைசி வாக்கியம்தான் உங்களை மற்றவர்களிடமிருந்து பிரிக்கும். இப்படி உங்கள் சொந்த அனுபவத்தில் ஐந்தாறு சம்பவங்களை எழுதித் தயாராக வையுங்கள். நடக்காததைச் சொல்ல வேண்டாம்; அடுத்தடுத்த கேள்வியில் மாட்டிக்கொள்வீர்கள்.

9. ஆக்சென்ட்டை மாற்றுவதில் பணம் செலவழிக்காதீர்கள். வேகத்தைப் பாதியாகக் குறையுங்கள், வார்த்தையின் கடைசி எழுத்தை முழுங்காதீர்கள், புரியாவிட்டால் தலையாட்டாமல் “சாரி, குட் யூ ரிபீட் தட்?” என்று கேளுங்கள். மதுரையில் இருந்துகொண்டே இந்த மூன்றையும் செய்துவிடலாம். பெரியார் நிலையத்திலிருந்து அழகர்கோவில் பஸ்ஸில் தினம் போய் வருகிறவருக்குக் காதில் ஹெட்செட் இருந்தால் அதுவே லிசனிங் கிளாஸ். நாடகத்தையும் சினிமாவையும்விட, எந்த நாட்டுக்குப் போகிறீர்களோ அந்த நாட்டு ஆஸ்பத்திரிப் பேச்சைத் தேடிக் கேளுங்கள்.

பேச்சைத் தொழிலாகக் கற்றுத்தர முடியுமா என்று சந்தேகம் வேண்டாம். டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய நம் அரவிந்த் கண் ஆஸ்பத்திரி, கிராமத்துப் பெண்களைப் பள்ளி முடித்ததும் எடுத்துப் பயிற்சி கொடுத்து ஆளாக்குகிறது. நோயாளியிடம் ஆபரேஷனைப் பற்றி உட்கார்ந்து விளக்குகிற கவுன்சலிங் அங்கே தனி வேலை, அதற்கென்று தனிப் பயிற்சி. அதன் லைகோ பயிற்சி நிலையத்தில் கற்றுக்கொள்ள வெளிநாட்டு ஆஸ்பத்திரிக்காரர்கள் மதுரைக்கு வருகிறார்கள். மேலூர்ப் பெண்ணால் கண் நோயாளிக்குத் தெளிவாக விளக்க முடியும் என்றால், அழகர்கோவில் பையனால் பொட்டாசியம் ரிசல்ட்டைச் சொல்ல முடியாதா? கனடாவிலும் இதற்கு வசதி உண்டு. டொரன்டோவின் மிச்சனர் நிறுவனம் வெளிநாட்டில் படித்த டெக்னாலஜிஸ்ட்டுகளுக்கென்று பிரிட்ஜிங் படிப்பு நடத்தியிருக்கிறது. ஒன்டாரியோ கல்லூரிகள் புதிதாகக் குடியேறியவர்களுக்குத் தொழில்சார் மொழிப் பயிற்சி கொடுத்திருக்கின்றன. பிஆர் வாங்கிப் போகிறவர்கள் இறங்கிய முதல் வாரமே இந்த மாதிரி வகுப்புகள் இப்போது எங்கே நடக்கின்றன என்று விசாரியுங்கள்.

10. பேப்பரை இப்போதே சரி செய்யுங்கள். நம் பெயர் முறை அங்கே பெரிய தலைவலி. மார்க்‌ஷீட்டில் ‘எம். கார்த்திகா’, பாஸ்போர்ட்டில் ‘கார்த்திகா முருகன்’, எக்ஸ்பீரியன்ஸ் சர்டிஃபிகேட்டில் வெறும் ‘கார்த்திகா’ என்று இருந்தால் டேட்டாஃப்ளோவில் மாதக்கணக்கில் இழுக்கும். இனிஷியலை விரித்து, எல்லாவற்றிலும் ஒரே மாதிரி ஆக்குங்கள். 2021-ஆம் ஆண்டின் தேசிய துணை மருத்துவ, சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டம் மெடிக்கல் லேபரட்டரிப் பணியையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. வெளிநாட்டு ரெகுலேட்டர் உங்கள் நாட்டுப் பதிவைக் கேட்பார். மாநில கவுன்சில் பதிவு எந்த நிலையில் இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டே இருங்கள்.

ஏஜென்ட் விஷயத்தில் கறாராக இருங்கள். இ-மைகிரேட் தளத்தில் பதிவு எண் இல்லாதவரிடம் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள். பதிவு பெற்றவரும் சர்வீஸ் கட்டணமாக ₹30,000-மும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். லட்சக்கணக்கில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978-இலிருந்து இருக்கிறது. நர்ஸ், டெக்னீஷியன் பணிக்கு அதன் அறிவிப்புகளைத் தொடர்ந்து பாருங்கள்.

11. வேலையில் சேர்ந்த முதல் நாள் மூன்று காகிதம் கேட்டு வாங்குங்கள்: கிரிட்டிக்கல் வேல்யூ பட்டியல், சாம்பிள் ரிஜெக்‌ஷன் பாலிசி, வார்டு ஃபோன் நம்பர்கள். மேஜையில் கண்ணாடிக்கு அடியில் வையுங்கள். முதல் கிரிட்டிக்கல் காலை நீங்களே செய்ய அனுமதி கேளுங்கள். சீனியர் பக்கத்தில் நின்று கேட்கட்டும். முடித்ததும், “இன்னும் எதைச் சுருக்கியிருக்கலாம்?” என்று அவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த காலில் அதைச் சரியாகச் செய்யுங்கள், அவர் கேட்கிற தூரத்தில்.